ஒற்றைக் கால் பூட்ஸ்

மஞ்சூர்,
6.4.2025

அன்புள்ள தம்பி கீர்த்திவாசனுக்கு,

அக்கா கோகிலவாணி எழுதுவது. இங்கே நான், உன் மாமா, கனிஷ்கா மூவரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறோம். மேட்டுப்பாளையத்து வெயிலில் நீ, சக்தி, தாரிணி எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? தாரிணிக்குப் பரீட்சை முடிந்ததா?

ரிஜிஸ்டர் தபாலில் நீ அனுப்பிய பத்திரம் வந்தது. நம்ப முடியாமல் இரண்டு தடவை படித்தேன். அப்பா நம் இருவர் பேருக்கும் எழுதி வைத்த கட்டிடத்தை, நான் தினமும் உட்கார்ந்து வியாபாரம் செய்கிற நாச்சிமுத்து ஸ்டோர்ஸை, ஒரு பார்சல் கம்பெனிக்கு ஒன்பது வருஷத்துக்கு வாடகைக்கு விட வேண்டுமாம். உன் கையெழுத்து போட்டாயிற்று. என் கையெழுத்து அக்டோபர் கடைசிக்குள் வேண்டுமாம். முப்பது வருஷமாகக் கடையில் நிற்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பத்திரம் வருகிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் சொன்னால் "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதனால் இந்த விஷயம் முடிகிற வரை கடிதம்தான். போனில் உடம்பும் சமையலும் மட்டும்.

நீ சொல்கிற கம்பெனிக்கு நான் ஏற்கெனவே கூலி இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறேன், தெரியுமா? எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்குத் தெருப் பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் எல்லாரும் முகவரியில் "நாச்சிமுத்து ஸ்டோர்ஸ், மஞ்சூர்" என்று போட்டுவிடுகிறார்கள். ஜீப் ஓட்டுகிற வெள்ளியங்கிரி அத்தனையையும் என் மேஜையில் இறக்குகிறார். "ஏனுங்கக்கா, கோவிச்சுக்காதீங்க. லயத்துக்கு ஜீப்பு ஏறாதுங்க" என்கிறார். என் கடையில் வாங்காத சாமானை என் கடைக்கே வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதில் ஒருத்தி என்னிடமே கத்தரிக்கோல் கேட்டு, ஸ்வெட்டரைப் பிரித்து, "நல்லா இருக்குங்களா?" என்று போட்டும் காட்டினாள். இன்றைக்கு மேஜையில் பத்தொன்பது பார்சல்.

நம் வரிசையில் பாத்திரக்கடை போய் பேக்கரி ஆகிவிட்டது. ரேடியோக் கடை போய், அவலாஞ்சி பார்க்க வருகிறவர்களுக்கு ரூம் விடுகிறார்கள். நானும் போக வேண்டுமா? முடியாது.

உன் கடையில் வியாபாரம் எப்படி? ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் உனக்கு நிற்க நேரம் இருக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா,
கோகிலவாணி


மேட்டுப்பாளையம்,
20.4.2025

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

கீர்த்திவாசன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சௌக்கியம். தாரிணி பரீட்சையை நன்றாக எழுதியிருக்கிறாள். மாமாவுக்கு முட்டிவலி தேவலையா?

கேட்காமல் பத்திரம் அனுப்பியது என் தப்புதான். மன்னித்துவிடுங்கள். ஆனால் விஷயத்தில் தப்பில்லை அக்கா. கடைகளுடைய காலம் முடிந்துகொண்டிருக்கிறது. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். உங்களுக்கு ஐம்பது வயது. பனியிலும் மழையிலும் எதற்கு அந்த ஷட்டரோடு மல்லுக்கட்ட வேண்டும்? மாதம் பிறந்தால் வாடகை வரும். கால்மேல் கால் போட்டு உட்காரலாம்.

உள்ளறையில் குவிந்து கிடக்கிற ஒற்றைக் கால் பூட்ஸுகளை நினைத்துப் பாருங்கள். ஜோடியைப் பிரித்து விற்கிற கடை உலகத்தில் வேறு எங்காவது உண்டா? அப்பா ஆரம்பித்து வைத்தார், நீங்கள் விடாமல் செய்கிறீர்கள். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அக்டோபர் கடைசிக்கு மேல் கம்பெனி காத்திருக்காது. யோசியுங்கள்.

கடையில் எல்லாம் வழக்கம்போல.

பணிவுள்ள தம்பி,
கீர்த்தி


மஞ்சூர்,
11.5.2025

அன்புள்ள கீர்த்திக்கு,

அக்கா எழுதுவது. அனைவரும் நலம். உன் மாமாவின் முட்டிவலி, குந்தா மின்வாரிய ஆபீஸ் படிக்கட்டில் மட்டும் வருகிறது. சினிமாவுக்குப் போகும்போது வருவதில்லை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உனக்கு மறந்துவிட்டிருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிறவன் வலது கையில் கத்தி பிடிக்கிறான். வெட்டு வீசி முடிகிற இடம் இடது கால். அதனால் ரப்பர் பூட்ஸில் எப்போதும் இடது கால்தான் முதலில் கிழியும். வலது கால் புதுசு மாதிரி இருக்கும்போது அவன் எதற்கு ஜோடியாக வாங்க வேண்டும்? "ஒத்தையாக் குடுங்க" என்று கேட்டான், அப்பா கொடுத்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மிஞ்சுகிற வலது கால்கள்தான் தொல்லை. இப்போது முப்பத்தாறு இருக்கின்றன. மேல்குந்தாவிலிருந்து கிண்ணக்கொரை வரைக்கும் இடது கைக்காரர்கள் யார் யார் என்று அப்பாவுக்கு மனப்பாடம். ஒருத்தர் பஸ்ஸில் போவதைப் பார்த்தால்கூட, "அதோ, நம்ம வலது காலு போகுது" என்பார். எனக்குப் பதினாலு பேரைத் தெரியும். போன வாரம் பதினைந்தாவது ஆள் கிடைத்தான். உன் கம்பெனிக்கு ஒருத்தரையாவது தெரியுமா?

வாடகை வாங்கிக் கால்மேல் கால் போட்டு உட்காரச் சொல்கிறாய். உட்கார்ந்து என்ன செய்ய? உன் மாமாவோடு சண்டை போடுவேன். அதை இப்போதே போதுமான அளவு செய்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். உன் கடிதம் எப்போதும் கடை லெட்டர் பேடில் வரும், மேலே உன் கடைப் பெயர் நீல எழுத்தில் இருக்கும். இந்தத் தடவை கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். பேடு தீர்ந்துவிட்டதா?

அன்பு அக்கா


மேட்டுப்பாளையம்,
2.6.2025

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். சௌக்கியம், சௌக்கியத்துக்கு எழுதுங்கள். லெட்டர் பேடு தீர்ந்துவிட்டது. அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

இந்த மாதம் கம்பெனியிலிருந்து கட்டிடத்தைப் போட்டோ எடுக்க வருவார்கள். தயவுசெய்து சத்தம் போட வேண்டாம்.

தம்பி


மஞ்சூர்,
29.6.2025

அன்புள்ள கீர்த்திக்கு,

அக்கா எழுதுவது. மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாளாகத் துணி காயவில்லை, மற்றபடி சுகம்.

போட்டோ எடுக்க ஆபீசர் யாரும் வரவில்லை. வெள்ளியங்கிரிதான் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்று எடுத்தார். எதற்கென்று கேட்டேன். "மேட்டுப்பாளையம் சார் கேட்டாருங்க" என்றார். எந்த சார் என்று கேட்பதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார். நான் சத்தம் போடவில்லை. முறைத்தேன்.

இன்னொன்று. மேல் லயத்து வேலாயி தெரியுமல்லவா, அப்பா காலத்திலிருந்து நம் வாடிக்கை. சிலோனிலிருந்து வந்த குடும்பம். அவள் புருஷன் பரமசிவத்துக்குப் போன மாதம் புது பூட்ஸ் வந்தது, ஆன்லைனில். என் மேஜைக்குத்தான் வந்தது. மருமகள் வந்து எடுத்துக்கொண்டு போனாள். முந்தாநாள் மதியம் நனைந்துகொண்டே வேலாயி வந்தாள்.

"கடைக்காரம்மா, எடது காலு ஒத்த பூட்ஸு குடுங்க, ஒம்பதாம் நம்பரு. புதுசுலயே கத்தி பட்டுப் பொளந்திருச்சு. அவருக்கு இன்னும் ஒரு மாசம் கவாத்து இருக்கு" என்றாள்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. பத்தொன்பது பார்சலும் சேர்ந்து வாயில் வந்தது. "ஜோடிய எங்க வாங்குனயோ அங்கயே போயி ஒத்தையும் கேளு. ஒத்த குடுக்க நானு, ஜோடிக்கு அவனா?" என்று கேட்டுவிட்டேன். கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். வேலாயி சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

சரியாகத்தான் கேட்டேன். நாலு பேருக்கு உறைக்கட்டும்.

சக்தியைக் கேட்டதாகச் சொல்.

அன்பு அக்கா


மேட்டுப்பாளையம்,
20.7.2025

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். இங்கே நலம். மலைப்பாதையில் மண் சரிந்ததாகச் செய்தியில் பார்த்தோம். அனைவரும் பத்திரமா?

வேலாயியைத் திருப்பி அனுப்பியது சரியான முடிவு. ஒற்றை விற்கிற வழக்கத்தை எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும். நீங்களே அந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால், அடுத்த முடிவுக்கும் வந்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

பதில் எதிர்பார்க்கும் தம்பி,
கீர்த்தி


மேட்டுப்பாளையம்,
24.8.2025

அன்புள்ள அக்கா,

ஒரு மாதம் ஆகிறது, பதில் இல்லை. போன் செய்தால் "நல்லா இருக்கறேன் சாமி, மாமாகிட்டப் பேசு" என்று கைமாற்றி விடுகிறீர்கள். நீங்கள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அப்பா இறந்த வீட்டில்கூட நீங்கள்தான் பேசினீர்கள்.

வெள்ளியங்கிரி சொல்லிவிட்டார் என்று புரிகிறது. யாரோ சொல்லித் தெரிந்துகொள்கிற மாதிரி வைத்துவிட்டேன். இப்போது நானே எழுதுகிறேன்.

என் கடை இல்லை அக்கா. தை மாதமே மூடிவிட்டேன். லெட்டர் பேடு அச்சுக்குப் போகவில்லை. நீங்கள் கேட்ட ஒவ்வொரு தடவையும் "வழக்கம்போல" என்று எழுதினேன். பிப்ரவரியிலிருந்து அந்தப் பார்சல் கம்பெனியில் வேலை. குந்தாப் பக்கம் முழுவதும் என் பொறுப்பு. வெள்ளியங்கிரி சொன்ன மேட்டுப்பாளையம் சார் நான்தான். மஞ்சூரில் நல்ல இடமாகப் பிடித்துக் கொடுத்தால் வேலையை நிரந்தரம் ஆக்குவார்கள். பிடிக்காவிட்டால் அக்டோபரோடு சரி. உங்களுக்கு வயதாகிறது, பனி, மழை என்று நான் எழுதியதெல்லாம் பொய் இல்லை. ஆனால் அதற்காக எழுதவில்லை.

திட்டுங்கள். திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

கீர்த்தி


மஞ்சூர்,
7.9.2025

கீர்த்திக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வெள்ளியங்கிரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் கடை மூடியது உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். நான் எழுதாமல் இருந்தது உன்னால் அல்ல, என்னால்.

நீ "சரியான முடிவு" என்று எழுதிய கடிதம் வந்ததே, அதே நாள் வெள்ளியங்கிரி ஜீப்பில் பரமசிவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கவாத்துக் கத்தி இடது காலில் இறங்கிவிட்டது. கிழிந்த பூட்ஸ் மேல் உரச்சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறார். ஏழு தையல். இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது. ஒன்பதாம் நம்பர் இடது கால் அன்றைக்கு என் கைக்கு எட்டுகிற பலகையிலேயே இருந்தது கீர்த்தி. ரப்பர் பூட்ஸ் என்ன இரும்பா, கத்தி பட்டால் அதுவும் கிழியும்தான். உன் மாமாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தால், நானே பெருமையாக எழுதி அனுப்பிய கடிதம் கண்முன் நின்றது. வெட்கத்தில் எழுதாமல் விட்டேன்.

போன ஞாயிறு கடையை ஒரு மணிக்குப் பூட்டிவிட்டு மேல் லயத்துக்கு நடந்து போனேன். வேலாயி அடுப்பில் ஏதோ வைத்திருந்தாள். பரமசிவம் கட்டிலில் காலை நீட்டி இருந்தார். எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அது இன்னும் கொன்றது. "தப்புப் பண்ணிட்டேன் வேலாயி" என்றேன்.

"வுடுங்கம்மா. கத்திக்குத் தெரியுமா யாரு கடை பூட்ஸுன்னு" என்றார் பரமசிவம்.

சும்மா வந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாதே எனக்கு. "எதுக்கு வேலாயி எங்கிட்ட வாங்கல? வெலையா?" என்று கேட்டேன்.

"வெல என்னங்க, அஞ்சு பத்து முன்னப்பின்ன. நீங்க கேக்கறதால சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கொழுந்து நிறுத்து முடிக்க அஞ்சரை ஆயிருது. பஸ்ஸப் புடிச்சு ஆறேகாலுக்கு மஞ்சூர்ல எறங்குனா உங்க கடை சாத்தியிருக்கும். ஞாயித்துக்கிழம தண்ணி, வெறகு, தொவைக்கிறது எல்லாம் முடிச்சு ரெண்டு மணிக்கு வந்தா அப்பவும் சாத்தியிருக்கும். மூணு தடவ வந்து பூட்டப் பாத்துட்டுப் போனேன். நாலாவது தடவ மருமவ போன்ல போட்டுட்டா. போன்ல கடை சாத்த மாட்டாங்கல்ல?" என்றாள்.

அப்புறம், "ஒத்த பூட்ஸு கேட்டு வந்தன்னைக்கு அரை நாள் பேரு, கூலி, எல்லாம் வுட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அரிசி என்ன விலை என்கிற மாதிரிச் சொன்னாள்.

ஆறு மணி, ஞாயிறு ஒரு மணி. அப்பா வைத்த நேரம். அப்போது கடைசி பஸ் ஐந்தரைக்கு. பஸ் நேரம் மாறி எத்தனை வருஷமாயிற்று! நான், வாடிக்கைக்காரர்கள் துரோகம் செய்கிறார்கள் என்று இங்கே உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்து வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உன் விஷயம். எனக்குக் கோபம்தான். கம்பெனியில் சேர்ந்ததற்கு இல்லை, பிழைப்புக்கு யாரும் எதுவும் செய்யலாம். பொய் சொன்னதற்கு. ஏழு மாதம், கூடப் பிறந்தவளிடம். கடையை மூடிய அன்று உன்னோடு யார் இருந்தார்கள்? அதை மட்டும் எழுது.

அக்கா


மேட்டுப்பாளையம்,
21.9.2025

அன்புள்ள அக்கா,

வணக்கம். பரமசிவம் அண்ணன் கால் எப்படி இருக்கிறது? வேலாயியைத் திருப்பி அனுப்பியதைச் "சரியான முடிவு" என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தத் தப்பில் எனக்கும் பாதி.

கடையை மூடிய அன்று யாரும் இல்லை. சக்தியைக்கூட வர வேண்டாம் என்றேன். எதிரில் பெண்கள் பள்ளிக்கூடம், மணி அடித்து அத்தனை பிள்ளைகளும் கடையைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி மட்டும் எட்டிப் பார்த்து, "அங்கிள், கிராஃப் நோட்டு இருக்கா?" என்றாள். எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. இல்லை என்றேன். அவசரமாக வேண்டும், நாளைக்குப் பரீட்சை என்றாள். அவள் அப்பா நோட்டும் பையும் வருஷம் பூராவும் ஆன்லைனில்தான் வாங்கினார், எனக்குத் தெரியும். அதற்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? மூட்டையைப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன். அதுதான் கடைசி வியாபாரம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். தாரிணிக்கு ஸ்கூல் பை நானும் போனில்தான் வாங்கினேன். என் கடையிலேயே பை தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்தப் படம் போட்டதுதான் வேண்டுமாம்.

வேலை போனால் அடுத்து என்ன என்று தெரியவில்லை. நாற்பத்தாறு வயதில் எங்கே போய்க் கேட்பது? ஆனாலும் கையெழுத்துப் போடுங்கள் என்று இனிக் கேட்க மாட்டேன். கேட்கவில்லை என்பதற்காக எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது மறுபடியும் பொய். அக்டோபர் 31 கடைசி நாள்.

மாமாவுக்கு வணக்கம். கனிஷ்காவுக்கு அன்பு.

கீர்த்தி


மஞ்சூர்,
12.10.2025

அன்புள்ள கீர்த்திக்கு,

அக்கா எழுதுவது. பரமசிவம் கம்பை ஊன்றி வாசல் வரை நடக்கிறார். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள், முறுக்கு சுட ஆரம்பிக்கவில்லை.

ஒரு மாதமாக இரவு எட்டு வரை கடை திறந்திருக்கிறது. ஞாயிறு முழு நாள். செவ்வாய் லீவு. உன் மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஆறு மணிக்கு மேல இந்தப் பனியில யாரு வருவா? காட்டெருமைதான் வரும்" என்றார். முதல் நாலு நாள் அவர் சொன்னதுதான் நடந்தது. ஐந்தாம் நாள் ஆறேகால் பஸ்ஸிலிருந்து ஒருத்தி இறங்கி, வெளிச்சத்தைப் பார்த்து, "தொறந்திருக்குதுடி" என்று பின்னால் திரும்பிக் கத்தினாள். ஏழு பேர் வந்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் உன் கல்யாணத்தில்கூட வரவில்லை, சக்தியிடம் சொல்லாதே.

கூட்டம் அலைமோதுகிறது என்று எழுத ஆசைதான். அப்படியில்லை. ஆனால் வருகிறார்கள். மேஜையில் பார்சல் பதினொன்றுக்கு வந்திருக்கிறது.

எதிர்க்கடை சுஜாதா போன வாரம் மூடிவிட்டாள். நூல், பட்டன், லைனிங் துணி விற்றாளே, அவள்தான். கோயமுத்தூரில் மகன் வீட்டுக்குப் போகிறாள். போகும்போது வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் நான் கடைசியாக எப்போது வாங்கினேன் என்று யோசித்தால், இரண்டு வருஷம் இருக்கும். ஏப்ரலில் பத்தொன்பது பார்சல் என்று உனக்குப் பொரிந்து தள்ளினேனே, அதில் ஒன்று என்னுடையது. ரெடிமேட் ஜாக்கெட். கனிஷ்கா போனில் போட்டுக் கொடுத்தாள். இருபதடி தூரத்தில் சுஜாதா உட்கார்ந்திருந்தாள். சட்டமெல்லாம் நான் ஊருக்குத்தான் வைத்திருக்கிறேன் போல.

இப்போது முடிவைச் சொல்கிறேன். பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். அதனால் உன் வேலை போனால் என்னால்தான் போனது. அதை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன். அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் எழுதிவிட்டேன்.

உனக்கு வேண்டியது மஞ்சூரில் ஓர் இடம். அது என் இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னதாக நீ எங்கும் எழுதவில்லை, உன் கடிதத்தை வரி விடாமல் படித்துவிட்டேன். சுஜாதாவின் கட்டிடம் காலியாக இருக்கிறது. ஜீப் வாசல் வரை வரும். நேற்று அவளிடம் பேசினேன். கொடுக்கச் சம்மதம். நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

எனக்கு எதிரிலேயே வந்தால் பரவாயில்லையா என்று கேட்பாய். வா. என் மேஜையில் இருக்கிற பார்சலையெல்லாம் தூக்கிக்கொண்டு போ. அந்த இடத்தில் நான் சாமான் அடுக்க வேண்டும்.

அன்பு அக்கா,
கோகிலவாணி


மேட்டுப்பாளையம்,
9.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய முறுக்கு வந்தது, தாரிணி யாருக்கும் தரவில்லை.

பத்திரம் கையெழுத்தில்லாமல் வந்த அன்று உங்கள் மேல் இருந்த கோபத்தில் நம்பரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து சக்திதான் பார்த்தாள். கம்பெனியில் காட்டினேன். உங்கள் கட்டிடத்தைவிடச் சின்னது என்று முகத்தைச் சுளித்தார்கள். இருபத்தொன்பதாம் தேதி சரி என்றார்கள். வேலை நிரந்தரம். டிசம்பர் ஒன்று, திங்கட்கிழமை திறப்பு. முழுப் பரீட்சை வரை சக்தியும் தாரிணியும் இங்கே, நான் மட்டும் அங்கே. உங்கள் வீட்டில் ஒரு பாய் போடுவீர்களா?

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் மனஸ்தாபம் வேண்டாம். இந்தத் தடவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். யார் என்ன கேட்டாலும் வரவழைத்துக் கொடுப்பேன். பூட்ஸ் கேட்டால் பூட்ஸும் வரும். அது என் வேலை. ஒரு கடையைத் தொலைத்தவன் இரண்டாவதையும் தொலைக்க முடியாது.

கீர்த்தி


மஞ்சூர்,
23.11.2025

அன்புள்ள தம்பி கீர்த்திக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் நன்றாக இருக்கிறோம். உறைபனி ஆரம்பித்துவிட்டது, ஸ்வெட்டர் இரண்டு எடுத்து வா. எடுத்து வராவிட்டால் என்னிடம் வாங்கு, வீட்டு விலை கிடையாது. பாய் என்ன, கட்டிலே போட்டிருக்கிறேன். உன் மாமா இப்போதே சீட்டுக்கட்டைத் தேடுகிறார்.

நீ விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று எழுதியதைப் படித்து எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏழு மாதமாக "வழக்கம்போல" என்று எழுதின ஆளா இவன் என்று நினைத்தேன். நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீ வரவழைத்துக் கொடுப்பதற்கு மூன்று நாள் ஆகும். நான் கை நீட்டி எடுத்துக் கொடுப்பேன். எந்தக் காலுக்கு என்றும் கேட்பேன். ஜனங்கள் யாரிடம் வருகிறார்களோ வரட்டும். நீ தோற்க வேண்டும் என்று ஒரு நாளும் சாமியிடம் கேட்க மாட்டேன், ஆனால் உனக்காக ஒரு நிமிஷம் முன்னதாக ஷட்டரை இறக்கவும் மாட்டேன்.

உன் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் இனித் தபால் ஆபீஸ் தேவைப்படாது. சண்டை போடுவதானால் தெருவைக் கடந்து வந்து போடு.

நீ கடையை மூடிய அன்று உன் பக்கத்தில் யாரும் இல்லை என்று எழுதினாயே, அதை என்னால் மறக்க முடியவில்லை. எனக்குத் தெரியாமல் போய்விட்டது. திங்கட்கிழமை நீ ஷட்டரைத் தூக்கும்போது நான் என் கடையைப் பூட்டிவிட்டு வந்து உன் பக்கத்தில் நிற்பேன். பத்து நிமிஷம் நிற்பேன். அதற்கு மேல் முடியாது, ஒன்பது மணி பஸ்ஸுக்கு எனக்கு ஆள் வரும்.

நல்லபடியாக வந்து சேர்.

அன்பு அக்கா,
கோகிலவாணி